இரண்டு மதிப்பெண் வினா

கேள்வி எண் பதினான்கு.
'மேற்கண்ட செய்யுள் உணர்த்தும் அறம் யாது?
அதை உன் வாழ்வில் எவ்வாறு கடைப்பிடிப்பாய்?'
விடைக்குறிப்பில் ஒரே வரி:
பிறர் பொருளைக் கவரக் கூடாது.
அதற்கு ஒன்று.
கடைப்பிடிப்பேன் என்று எழுதியிருந்தால் இன்னொன்று.

ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு, நாற்பத்தொரு தாள்.
சிவதாபுரத்தில் எங்கள் ஆசிரியர் அறை ஜன்னலில்
சேர்வராயன் மலை பாதிதான் தெரியும்,
மீதியை ஜவ்வரிசி ஆலைப் புகைபோக்கி
மறைத்து வைத்திருக்கிறது.

கடைப்பிடிப்பேன் கடைப்பிடிப்பேன் என்று
வரிசையாக வாக்குக் கொடுத்திருந்தார்கள்.
வாக்குக்கு ஒன்று வீதம்
சிவப்பு மையில் கொடுத்துக்கொண்டே வந்தேன்.
இரண்டு பையன்களின் தாளில்
'களவு' ஒரே மாதிரி 'கலவு' ஆகியிருந்தது.
பக்கத்து பெஞ்சிலிருந்து எடுத்த அறம்.
சிரித்துவிட்டு அவர்களுக்கும் போட்டேன்.

இருபத்தேழாம் எண், த. கனிஷ்கா.
விட்டிருந்த இடம் போதாமல்
ஓரத்தில் ஏறி, பக்கம் திருப்பி எழுதியிருந்தாள்:

"டீச்சர், எங்கள் தெருவில் கொலுசுப் பட்டறை.
ஸ்கூல் விட்டதும் அம்மாவோடு போய்ச் சலங்கை கோப்பேன்.
கிளம்பும்போது காகிதம் விரித்து
அதன்மேல் நின்று பாவாடையை உதறச் சொல்வார்கள்.
தலையையும் வார வேண்டும்.
நகக்கண்ணை பிரஷ்ஷால் தட்டுவார்கள்.
கை கழுவிய தண்ணீரைக்கூடக் கொட்ட மாட்டார்கள்,
டிரம்மில் தெளிய வைப்பார்கள்.
மேலே கேமரா.
அம்மா பதினோரு வருஷமாக உதறுகிறாள்.

இந்தச் செய்யுள் திருடாதே என்று சொல்கிற மாதிரி
எனக்குத் தெரியவில்லை.
யாரும் பார்க்காதபோது நீ யார் என்று
கேட்கிற மாதிரி இருக்கிறது.
யாரும் பார்க்காத நேரம்
எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.
அதனால் நான் நல்லவளா என்று தெரியாது.
கிடைத்ததும் எழுதுகிறேன்."

விடைக்குறிப்பைப் புரட்டினேன்.
'தெரியாது' என்பதற்கு
மதிப்பெண் ஒதுக்கப்படவில்லை.

இந்தச் செய்யுளை நடத்திய நாள் நினைவிருக்கிறது.
சீர் பிரித்தேன், அலகிட்டேன்,
தேமா புளிமா என்று பலகை நிறைந்தது.
பொருளுக்கு மிஞ்சியது ஏழு நிமிடம்.
அதிலும் ஒன்றை மின்விசிறியின் கிறீச்சொலி தின்றது.
அந்த ஆறு நிமிடத்தில்
எப்போது எடுத்தாள் இதை,
எங்கே ஒளித்து வைத்தாள்,
தினமும் அத்தனை உதறலிலும்
கீழே விழாமல்?

மேஜையின் மறு ஓரத்தில்
நன்னெறி வகுப்புப் பதிவேடு.
வெள்ளி தோறும் ஆறாம் பாடவேளை,
இவ்வாண்டு முப்பத்திரண்டு வகுப்புகள் என்று
நாளைக்குள் கையெழுத்தாகி மேலே போக வேண்டும்.
நடந்தது ஒன்பது.
மற்றதைக் கணக்குப் பாடம் கேட்டது, கொடுத்தேன்.
கபடிக்கு நாலு. அதிகாரி வருகைக்கு இரண்டு.
சிலவற்றில்
தலைவலி என்று சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இருபத்துமூன்று வெள்ளி குறைகிறது.
என் சேலையை
யாரும் உதறச் சொல்லப் போவதில்லை.

அறையில் வேறு யாரும் இல்லை.
பள்ளியின் கேமரா வராண்டாவோடு நின்றுவிடும்.
அவளுக்கு இன்னும் வாய்க்காத அந்த நேரம்
எனக்கு வாரம் தவறாமல் வாய்த்திருக்கிறது,
நான்தான் அதற்கு ஓய்வு என்று பெயர் வைத்திருந்தேன்.

காலையிலேயே பென்சிலில் 32 என்று
எழுதி வைத்திருக்கிறேன்.
மேலே மை ஓட்டினால் முடிந்தது வேலை.

சாவிக்கொத்தோடு பச்சியண்ணன் எட்டிப் பார்த்தார்.
"டீச்சர், இன்னும் கெளம்பலியா?"
"ஒரு நிமிஷம்" என்றேன்.
ரப்பர் என் பையில் இல்லை.
நாலு மேஜை தேடி
அறிவியல் டீச்சரின் டப்பாவில் கிடைத்தது.
கேட்காமல்தான் எடுத்தேன்.

அழித்த துகளை ஊதிவிட வாயைக் குவித்தேன்.
ஏனோ முடியவில்லை.
ஒரு காகிதத்தை விரித்து
அதில் தட்டிச் சேர்த்தேன்,
கறுப்பாய், எடையே இல்லாமல்.

மலையின் தெரிகிற பாதியும் இருட்டிவிட்டது.
இருபத்தேழாம் எண் தாளில்
கேள்வி பதினான்குக்கு எதிரே
இன்னும் ஒன்றும் எழுதவில்லை.